பாஸ்போர்ட்டில் இருபத்திரண்டு

1

ஜூன் முதல் தேதி காலை. டெக்சாஸில் வேக்கோ என்ற ஊரைத் தாண்டி லாரியை ஓரங்கட்டிவிட்டுக் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். செல்பேசியில் ஒரு வீடியோ வந்தது. கூடைப்பந்துக் கூடத்தின் நடுவில் என் மகன் இளங்கோ நிற்கிறான். சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு நெட்டைப் பையன்கள் கைதட்டிப் பிறந்தநாள் பாட்டுப் பாடுகிறார்கள். அந்த நெட்டைகளிலும் இவன்தான் உயரம். கேக்கின் மேல் மெழுகில் செய்த இரண்டு இரண்டுகள் எரிகின்றன. இவன் இடுப்பை மடித்துக் குனிந்து ஊதுகிறான்.

அன்றைக்கு அவனுக்கு இருபத்திரண்டு வயது ஆகவில்லை. இருபது வயதும் இரண்டு மாதமும்தான். அது எனக்கும் என் மனைவி பேச்சியம்மாளுக்கும் தெரியும். ராஜபாளையத்தில் இருக்கும் என் மைத்துனருக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது.

ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு இது பெரிய சங்கதியாகத் தோன்றாது. என் தலைமுறையில் பாதிப் பேர் ஜூன் மாதத்தில் பிறந்தவர்கள். பள்ளிக்கூடம் திறக்கும் மாதத்தில் பிறந்தால் சேர்க்க வசதி என்று தலைமையாசிரியர்கள் எங்களைப் பிறக்கவைத்தார்கள். அதனால் யாருக்கும் ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை. என் மகனுக்கு மட்டும் அது வேறு மாதிரி ஆகிவிட்டது. அவன் கூடைப்பந்தைத் தொழிலாகக் கொண்டு பிழைக்க முடியுமா முடியாதா என்பது இந்த வருடம் அந்தத் தேதியில் வந்து நின்றது.

2

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். லாரி கிளீனர், பரோட்டா மாஸ்டர், மஸ்கட்டில் ஒரு தொழிலாளர் முகாமின் சமையல்காரன், அப்புறம் சரக்குக் கப்பலில் சமையல்காரன். ஓர் இடத்தில் இரண்டு வருடத்துக்கு மேல் கால் தரிக்காது. நியூஜெர்சியில் ஈஸ்ட் பிரன்ஸ்விக் பக்கம் ஓர் உணவகம் தோசை மாஸ்டர் வேண்டும் என்று என்னை வரவழைத்தது. அடுப்பறைக்குக் கீழே நிலவறையில் ஐந்து பேர் படுத்தோம். குளிர்காலத்தில் கல்லுக்கு அருகில் நிற்கிறவனுக்கு வேலை சுகம், கோடையில் கிடையாது. கிரீன் கார்டு வந்ததும் மனைவியையும் மகனையும் அழைத்துக்கொண்டேன். பிறகு கலிபோர்னியாவில் பே ஏரியாவில் இரண்டு வருடம். பிறகு டெக்சாஸ். இப்போது டல்லாஸ் பக்கம் இர்விங்கில் குடியிருப்பு, கையில் லாரி உரிமம். பேச்சியம்மாள் ஒரு டேகேரில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறாள்.

லாரி எனக்குப் பொருந்திய வேலை. டெக்சாஸ் சாலையில் காலை ஏழு மணிக்கு ஏறினால் மதியம்வரை திருப்பமே வராது. தூரத்தில் தார் சாலைமேல் தண்ணீர் தேங்கியதுபோல் வெயில் மினுங்கும். கிட்டே போகப் போக அதுவும் நகர்ந்துகொண்டே போகும். அந்த நேரத்தில் எனக்கு என்ன வயது, இது எந்த ஊர் என்பதெல்லாம் லேசாகிவிடும். மஸ்கட்டில் அடுப்பு அணைத்த நேரமும் கப்பலின் பின்தளத்தில் வெங்காயம் உரித்த காலையும் ஒரே நீளமான பகலாக ஓடும். அன்றைக்கு வேக்கோவிலிருந்து சான் அன்டோனியோ போகிறவரை அந்த மெழுகு இரண்டுகள்தான் கண்ணில் நின்றன.

நான் ஆறடி மூன்று. பேச்சி ஐந்தடி பத்து. ஊரில் அவள் வேலை பார்த்த மில்லில் அவளை நெட்டச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். எங்களுக்குப் பிறந்தவன் ஓட்டுவீட்டு வாசலில் முட்டாமல் போவான் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லைதான். ஆனாலும் இந்த அளவுக்கு நினைக்கவில்லை.

3

கூடைக்கு அடியில் நின்று ஆடும் நெட்டையனுக்கு இங்கே பிக் மேன் என்று பெயர். பந்தை வீசி வேடிக்கை காட்டுவது அவன் வேலையில்லை. எதிராளியை முதுகால் தடுத்து நிற்கவேண்டும், தன் ஆளுக்கு வழிவிட மறித்து நிற்கவேண்டும், கூடையில் பட்டுத் தெறிக்கும் பந்தைப் பிடுங்கவேண்டும். அடி வாங்குகிற வேலை. எனக்குப் பார்த்தவுடன் புரிந்தது. சுமைதூக்குகிறவனின் வேலை அது. மேலே விளக்கு மட்டும் அதிகம்.

இளங்கோ மேற்கு டெக்சாஸில் ஒரு சிறிய கல்லூரியில் நான்கு வருடம் ஆடினான். மே மாதம் படிப்பும் முடிந்தது. அணியின் துணைப் பயிற்சியாளர் டெரன்ஸ் ஒரு காலத்தில் பிக் மேனாக இருந்தவர். ஒன்பது வருடம் ஆறு நாடுகளில் ஆடியிருக்கிறார். இரண்டு முட்டியும் போய்விட்டன. நான் மஸ்கட் என்றதும் தோளில் தட்டி, தான் பெய்ரூட்டில் ஒரு பருவம் இருந்ததைச் சொன்னார். மாடிப்படி இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொள்வார். அதனால் எங்களுக்குள் சிநேகம். ஜூன் இரண்டாவது வாரம் அந்தப் பக்கம் சரக்கு இறக்கிவிட்டு அவரைப் பார்க்கப் போனேன். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை எனக்குப் புரிந்தவரை தமிழில் எழுதுகிறேன்.

"கை நல்ல கை. எதைப் போட்டாலும் பிடிக்கிறான். முட்டி சுத்தமாக இருக்கிறது, எனக்குப் பொறாமையாக இருக்கிறது. கால் மட்டும் அரை நொடி தாமதம். எதிராளி திரும்பிய பிறகு இவன் திரும்புகிறான்."

"அது சரியாகுமா?"

"பிக் மேனுக்கு எல்லாம் தாமதமாகத்தான் வரும். இவ்வளவு நீள உடம்பில் கால் எங்கே இருக்கிறது என்று தலைக்குத் தெரியவே வருடக்கணக்காகும்."

"அப்படியானால் நிலைப்பானா?"

அவர் சிரித்தார். "நிலைப்பது என்றால் என்ன தெரியுமா? ஒவ்வொரு கோடையிலும் யாராவது ஒருத்தன் உன்னைத் தொலைபேசியில் கூப்பிட வேண்டும். அவ்வளவுதான். எனக்கு ஒன்பது கோடை கூப்பிட்டார்கள். பத்தாவது கோடையில் நான் போனைக் குளியலறைக்குக்கூட எடுத்துப் போனேன்."

டல்லாஸுக்கு வடக்கே ஒரு தொழில்முறை அணி இருக்கிறது. பெரிய அணிக்கு ஆள் தயாரிக்கிற சின்ன அணி. அங்கே ஒரு பிக் மேனுக்கு இடம் காலியாம். ஜூலையில் நான்கு பேரை அழைத்து ஆடவிட்டுப் பார்க்கப்போகிறார்கள். அதில் இளங்கோ பெயரைச் சேர்த்தது டெரன்ஸ்தான்.

"ஆனால் நேராகச் சொல்கிறேன்," என்றார். "அவனுக்கு இருபத்திரண்டு. இருபதாக இருந்திருந்தால் அவர்களிடம் நான் சண்டை போட்டிருப்பேன். இருபது வயது நெட்டையனுக்கு இரண்டு வருடம் காத்திருப்பார்கள். இருபத்திரண்டுக்கு யாரும் காத்திருக்க மாட்டார்கள். இன்றைக்கு என்னவோ அதுதான் அவன் என்று முடிவு கட்டிவிடுவார்கள்."

என் வாய்க்குள் ஒரு வாக்கியம் முழுசாக வந்து நின்றது. நான் அதைச் சொல்லவில்லை. அவர் மாடியிலிருந்து இறங்கத் தோளைக் கொடுத்தேன்.

4

அந்தத் தேதி எப்படி வந்தது என்று சொல்கிறேன்.

மஸ்கட் விசா வந்து மூன்று நாளில் கிளம்பவேண்டும். பேச்சிக்குப் பஞ்சு மில்லில் இடம் கிடைத்திருந்தது. பிள்ளையை எங்கே விடுவது? பால்வாடியில் விட்டுப்பார்த்தோம். ஆயா நாலாம் நாளே கூப்பிட்டு, "இவன் ரெண்டு பிள்ளைக சோத்தச் சாப்பிடுறான், மத்ததுக இவனப் பாத்துப் பயப்படுதுக" என்றாள். பால்வாடி மதியத்தோடு முடியும், மில் ஷிப்ட் முடியாது. பள்ளிக்கூடம் என்றால் நாலு மணிவரை, மதியச் சோறும் உண்டு, பக்கத்து வீட்டுப் பெண் கூட்டிவந்துவிடும். அப்போது அவனுக்கு மூன்றே கால் வயது. பார்க்க ஐந்து மாதிரி இருந்தான்.

தலைமையாசிரியர் கேட்டார்: "பொறந்த தேதி?"

"பங்குனி உத்திரம் சார்."

"வருஷம்?"

நான் மகனை முன்னால் நகர்த்திவிட்டேன். அவருக்கு என்னைப் போல எத்தனை பேரையோ தெரியும்.

"சரி விடு. டேய் பெரியவனே, இங்க வா. வலது கையத் தலைக்கு மேல போட்டு இடது காதத் தொடு பாப்போம்."

ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு அது எட்டாது என்பது கணக்கு. என் மகன் கையைப் போட்டான். காதைத் தாண்டித் தாடையைப் பிடித்தான்.

"என்னய்யா, காதத் தொடச் சொன்னா கழுத்துக்கே போறான்!" என்று அவர் சிரித்துக்கொண்டே பதிவேட்டில் எழுதினார். ஜூன் ஒன்று, அன்றைக்குச் சரியாக ஐந்து வயது முடிகிற மாதிரி ஒரு வருடம். நான் கையெழுத்துப் போட்டேன். பிறகு பாஸ்போர்ட் எடுக்கிறபோது ஏஜென்ட் பள்ளிக்கூடத் தேதியையே வைத்துத் தாமதப் பதிவாக ஒரு பிறப்புச் சான்றிதழ் வாங்கிக் கொடுத்தார். கிரீன் கார்டிலும் அதுவே ஏறியது. ஓரிடத்தில் எழுதியதைப் பார்த்துத்தான் அடுத்த இடத்தில் எழுதுகிறார்கள். இரண்டு நாடுகளிலும் வழக்கம் இதுதான்.

எழுதவைத்தவனே அதை நம்பத் தொடங்குவதுதான் இதில் வேடிக்கை. ஒரு விடுமுறைக்கு ஊர் போயிருந்தபோது இரண்டாம் வகுப்புப் பையன் எழுத்துக்கூட்டிப் படிக்கவில்லை என்று அவனை அடித்தேன். அப்போது அவனுக்கு நாலரை வயதுகூட ஆகவில்லை. பேச்சி கையைப் பிடித்துத் தடுத்து, "யாரைப் போட்டு அடிக்கிறீங்க? நெனப்பு இருக்கா?" என்றாள். எனக்கு அவள் எதைச் சொல்கிறாள் என்றே விளங்கவில்லை.

ஒவ்வொரு பங்குனி உத்திரத்துக்கும் அவள் அவன் பெயரில் அர்ச்சனை செய்வாள். இங்கேயும் விடவில்லை. அவன் அதைக் கோயில் சமாசாரம் என்று நினைத்துக்கொண்டு வளர்ந்தான்.

5

ரிச்சர்ட்சனில் ஒரு தமிழ் வழக்கறிஞர் இருக்கிறார், சென்னைக்காரர். குடியேற்ற வழக்குகள் மட்டும் பார்க்கிறார். அனிதா மேடம் என்று கூப்பிடுவோம். மைத்துனரை ராஜபாளையம் அரசு மருத்துவமனைப் பதிவுகளைத் தேடச் சொல்லியிருந்தேன். அவர் நாலு நாள் அலைந்து ஒரு பக்கத்தைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். பேச்சியின் பெயர், என் பெயர், ஆண் குழந்தை, உண்மையான தேதி. குழந்தையின் பெயர் என்ற இடம் காலி. அப்போது பெயர் வைத்திருக்கவில்லை. அதற்கப்புறம் யாரும் போய் எழுதவும் இல்லை.

மேடம் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"சார், இது ஜென்யூன் ரெக்கார்டு. கரெக்ட் பண்ணலாம். சிட்டிசன்ஷிப் அப்ளை பண்றப்போ நாமளே ஓப்பனா எழுதி, இந்த மாதிரி தப்பு நடந்துச்சுன்னு சொல்லிடலாம். ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் ஆகும். ஏன் அப்பவே சொல்லலைன்னு உங்களைக் குடைவாங்க. பதில் சொல்ல ரெடியா இருக்கணும்."

"அவனுக்கு ஜூலைல ஆட்டம் இருக்கு மேடம். அதுக்குள்ள இந்தப் படத்தக் காட்டினா அந்த டீம்காரங்க ஒத்துக்குவாங்களா?"

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"கோச்சுக்காதீங்க. ஸ்போர்ட்ஸ்ல நம்ம பக்கத்துலேர்ந்து கடைசி நேரத்துல புதுசா ஒரு பர்த் சர்ட்டிபிகேட் வருதுன்னா, அது எப்பவும் வயசைக் குறைக்கத்தான் வரும். ஏத்துறதுக்கு எவனும் கொண்டு வர மாட்டான். உங்களுது நிஜம்னு எனக்குத் தெரியுது. ஆனா பாக்கிறதுக்கு அச்சு அசலா அந்தப் பொய் மாதிரியே இருக்கு."

வெளியே வந்து காரில் உட்கார்ந்தேன். சாவியைத் திருகவில்லை. உலகத்தில் எல்லா விளையாட்டுக்காரனின் அப்பனும் பிள்ளையின் வயதைக் குறைத்து எழுதுகிறான். நான் ஒருவன்தான் ஏற்றி எழுதியிருக்கிறேன்.

வீட்டில் பேச்சியிடம் சொன்னேன். அவள் டேகேர் சீருடையைக்கூட மாற்றவில்லை.

"டீமுக்குச் சொல்றது இருக்கட்டும். அவன்கிட்டச் சொன்னீங்களா?"

"இப்பச் சொல்லி என்ன ஆகப்போவுது? ஆட்டத்துக்கு முன்னாடி மனசு கலங்கும்."

"எப்பச் சொன்னாலும் கலங்கும். அவன் வயசுங்க அது. நம்ம ரெண்டு பேரும் வச்சுக்கிட்டு என்ன செய்யப்போறோம்?"

6

ஜூன் கடைசியில் கல்லூரி விடுதியைக் காலிசெய்து அவனை அழைத்துவரப் போனேன். ஐந்து மணி நேரப் பயணம். முன்னிருக்கையைக் கடைசிவரை பின்னால் தள்ளி, முதுகைச் சாய்த்து, முட்டி இரண்டும் முன்பலகையில் இடிக்க அவன் படுத்தவாறு உட்கார்ந்திருந்தான். இரண்டு பக்கமும் பருத்தி வயல். அந்த மாதத்தில் செடி விரல் உயரம்தான். அதற்கு மேலே வெள்ளைக் காற்றாலைகள் வானம் முழுக்க நின்றுகொண்டு, சில சுற்றின, சில சும்மா இருந்தன. வண்டி ஓடுகிற சத்தம் தவிர வேறில்லை. அந்த மாதிரி இடத்தில் எதையும் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. எண்பதாவது மைலில் சொன்னேன். தலைமையாசிரியர், மஸ்கட், மில், எல்லாம்.

அடுத்த ஊர் வந்து போகும்வரை அவன் சாய்ந்தே கிடந்தான். பிறகு மெதுவாக எழுந்து உட்கார்ந்தான்.

"வெயிட். அப்போ நான் இங்க வந்து சிக்ஸ்த் கிரேட்ல சேந்தப்போ?"

"ஒம்பது வயசு."

"எல்லாரும் லெவன். நான் நைன்."

"ஆமா."

"டிரைவர்ஸ் லைசன்ஸ் வாங்கினப்போ?"

மனசுக்குள் கணக்குப் போட்டேன். "பதினாலு."

"அப்பா! பதினாலு வயசுப் பையனை ஃப்ரீவேல ஓட்ட விட்டீங்களா? அதுவும் பக்கத்துல உக்காந்துட்டு ஸ்பீடு பத்தல, மிதி மிதின்னு வேற கத்தினீங்க!"

அவன் சிரித்தான். அந்த உடம்பு சிரித்தால் கார் ஆடும். "ஓ மை காட், போன வருஷம் ட்வென்ட்டி ஒன் ஆச்சுன்னு பசங்களோட பீர்…"

"என்ன பீரு?"

"நத்திங்."

கொஞ்ச தூரம் நானும் சிரித்துக்கொண்டே ஓட்டினேன். அப்புறம் அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். காற்றாலைகளைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"நான் ஸ்லோன்னு நெனச்சேன்பா. இவ்ளோ வருஷமா. ஜெர்சில அந்த டீச்சர் என்னைத் தனி கிளாஸ்ல போட்டாங்கல்ல, சின்னப் பசங்க புக் குடுத்து? கலிபோர்னியால டீம்லேர்ந்து தூக்கினாங்க. ஃபிஃப்டீன் இயர்ஸ் ஆச்சு, இன்னும் கால் தடுமாறுதுன்னு கோச் சொன்னார். நானும் யெஸ் சார்னு சொன்னேன். ஐ வாஸ் தர்ட்டீன்."

எங்கள் வீட்டில் மன்னிப்பு என்ற சொல் புழக்கத்தில் இல்லை. "தண்ணி குடிக்கிறியா?" என்று கேட்டேன். அவன் வாங்கிக் குடித்தான்.

மைத்துனர் அனுப்பிய படத்தைக் கேட்டான். கொடுத்தேன். அந்தப் பெரிய விரலால் நகர்த்தி நகர்த்தி, எழுத்துக்கூட்டிப் படித்தான்: "ஆ… ண்… ஆண் கு… ழந்தை." நான் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவசரப்படுத்தவில்லை.

"பேர் எங்க?"

"அப்ப வைக்கல."

"டெரன்ஸ்கிட்டச் சொல்லட்டுமா?" என்று பிறகு நானே கேட்டேன். "அவரு நம்புவாரு."

"அவர் நம்புவார். டீம்ல நம்ப மாட்டாங்க. ஒரு பிக் மேன் பத்தி போன்ல ரெண்டு நிமிஷம் பேசுவாங்கப்பா. அந்த ரெண்டு நிமிஷம் என் வயசுக் கதையிலேயே போயிடும். அப்புறம் நான் பந்து பிடிக்கிற ஆள் இல்ல, பொய் சொல்ற ஆள்." கொஞ்சம் யோசித்தான். "லாயர் சொன்ன மாதிரி சிட்டிசன்ஷிப்ல கரெக்டாச் சொல்லிடலாம். அங்க சத்தியம் பண்ணணும்ல. இங்க என்ன, ஆடிக் காட்டினாப் போதும்."

அப்படியே தூங்கிவிட்டான். இர்விங் வரும்வரை எழவில்லை. தூக்கத்தில் வாய் லேசாகத் திறந்திருந்தது. அன்றைக்குத்தான் அந்த முகம் இருபது வயது முகம் என்பது என் கண்ணுக்குத் தெரிந்தது. தாடி இன்னும் கன்னத்தில் சரியாக ஏறவில்லை. இத்தனை வருடம் எப்படிப் பார்த்தேன் என்று தெரியவில்லை.

7

ஜூலையில் அந்த நாள் வந்தது. டல்லாஸுக்கு வடக்கே கண்ணாடியும் தகரமுமான ஒரு கட்டடம். உள்ளே குளிர், புது மரத்தரையின் வாசனை. குடும்பத்தார் உட்கார ஓரமாக நாலு வரிசைப் பலகை. பேச்சிக்கு விடுப்பு கிடைக்கவில்லை. நான் மட்டும் போனேன்.

நான்கு பேர். அதில் ஒருவனுக்கு இருபத்தேழு வயது. ஐரோப்பாவில் மூன்று வருடம் ஆடித் திரும்பியவன். அவன் மனைவி எனக்கு அடுத்த பலகையில் இரண்டு சின்னப் பெண்களோடு உட்கார்ந்திருந்தாள். சின்னவள் என்னைக் காட்டி ஏதோ கேட்டாள். தன் அப்பா மாதிரி நானும் ஏன் நெட்டை என்று கேட்டாளாம், தாய் சொன்னாள்.

ஆட்டம் ஒன்றரை மணி நேரம் நடந்தது. இளங்கோ எகிறிப் பிடித்த பந்துகளை வேறு யாராலும் பிடித்திருக்க முடியாது. ஒரு தடவை மூன்று பேருக்கு மேலிருந்து எடுத்தபோது சுவரோரம் நின்ற ஊழியர் ஒருவர் வாய்விட்டுக் கத்தினார். ஆனால் இருபத்தேழு வயதுக்காரன் இரண்டு தடவை இவனைத் தோளால் ஏமாற்றித் திரும்பிப் போய்விட்டான். இவன் திரும்புவதற்குள் பந்து கூடையில் விழுந்தது. டெரன்ஸ் சொன்ன அந்த அரை நொடி. எனக்கே பலகையிலிருந்து தெரிந்தது. அவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்.

முடிந்ததும் ஒருவர் ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். இளங்கோவிடம் பேசியது என் இடத்துக்குக் கேட்டது. மரியாதையாகத்தான் பேசினார். "நல்ல கை உனக்கு. இரண்டு வருடம் முன்னால் வந்திருந்தால் வேறு பேச்சு பேசியிருப்போம். இருபத்திரண்டில் எங்களுக்கு இப்போதே தயாரான ஆள் வேண்டும். அக்டோபரில் பொது முகாம் வைக்கிறோம், ஐம்பது அறுபது பேர் வருவார்கள். நீயும் வா. வாக்குறுதி எதுவும் தர முடியாது." இடம் இருபத்தேழு வயதுக்காரனுக்குப் போனது. அவன் மனைவி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். சின்னவள் பயந்து அவள் மடியில் ஏறினாள். அந்தக் குடும்பத்துக்குக் கிடைத்ததில் எனக்கு வருத்தமில்லை. நியூஜெர்சியில் எனக்குக் கிரீன் கார்டு வந்த அன்று பேச்சி போனில் அழுததும் அதே அழுகைதான்.

இளங்கோ பையை எடுத்துக்கொண்டு என்னை நோக்கி வந்தான். பாதி வழியில் ஓர் ஊழியப் பெண் அவனை நிறுத்தினாள். அக்டோபர் முகாமுக்கு வருகிறவர்களின் அளவைப் பதிவுக்காக எடுக்க வேண்டுமாம். ஷூவைக் கழற்றிச் சுவரோரம் நிற்கச் சொன்னாள். நாற்காலிமேல் ஏறி உயரக் கோலின் பட்டையை அவன் தலைக்கு இறக்கினாள். எண்ணைப் படித்தாள். கையிலிருந்த தாளைப் பார்த்தாள். பட்டையை ஏற்றி, மறுபடி இறக்கினாள்.

"உன் கல்லூரி உன்னை ஆறடி பத்தே முக்கால் என்று எழுதியிருக்கிறது," என்றாள். "போன வருடம் அளந்தது. நீ ஆறடி பதினொன்றரை. எல்லாக் கல்லூரியும் ஆளை நீட்டி எழுதும். உன்னுடையது குறைத்து எழுதியிருக்கிறதே! யாருக்கு டேப் பிடிக்கத் தெரியவில்லையோ. இருபத்திரண்டு வயதில் யாரும் வளர மாட்டார்கள்."

இளங்கோ தலையைத் திருப்பினான். கூடம் முழுவதையும் தாண்டி என்னைப் பார்த்தான். நான் எழுந்து நின்றுவிட்டேன்.

அவன் சுவரை விட்டு நகரவில்லை. "ஒன்ஸ் மோர், ப்ளீஸ்," என்றான். அவள் சிரித்துக்கொண்டே மூன்றாவது முறையும் அளந்தாள். பழைய எண்ணை அடித்துவிட்டுப் புதியதை எழுதினாள்.

வெளியே வெயில் தாரை இளக்கிக்கொண்டிருந்தது. கார்க்கதவைப் பிடித்தால் சுட்டது. அவன் இருக்கையைப் பின்னால் தள்ளி, காலை மடித்து, தலையைக் குனிந்து உள்ளே ஏறினான். வண்டியை எடுத்து ஃப்ரீவேயில் சேர்த்தேன். குளிர்காற்றை அவன் பக்கம் திருப்பிவிட்டேன். நாலு வெளிவழிகள் கடந்திருக்கும்.

"அக்டோபர்ல திரும்பவும் அளப்பாங்களாம்பா," என்றான்.